குருதியிலிருந்து சூழலுக்கு: சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்துச் சிறார் நடத்தைக் கோளாறுகளின் இடர்க்காரணிகள் - ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் காணப்படும் சீர்குலைவு நடத்தைகளுக்கு எவை காரணம் என்னும் வினாவிற்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மூன்று வகையான விடைகள் தரப்பட்டுள்ளன. பிறப்பே காரணம் என்றது குற்றப்பரம்பரைச் சட்டம். வீடே காரணம் என்றது 1920ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம். பல காரணிகளின் கூட்டு விளைவு என்கிறது இன்றைய உளமருத்துவம். இம்மூன்று விடைகளும் தமிழகத்தின் தென்மாவட்டங்களில் எவ்வாறு செயற்பட்டன என்பதைச் சங்கரன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இடர்க்காரணிப் பட்டியலில் இடம்பெறும் சில காரணிகளை அரசின் சட்டங்களே உருவாக்கின என்பதும், அவ்வரலாற்றை நீக்கிவிட்டுப் பட்டியலை மட்டும் பயன்படுத்துவது பழைய முத்திரையைப் புதிய பெயரில் குத்துவதாகிவிடும் என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: சங்கரன்கோவில், சீர்குலைவு நடத்தைக் கோளாறு, இடர்க்காரணி, குற்றப்பரம்பரைச் சட்டம், சென்னைக் குழந்தைகள் சட்டம், பார்ஸ்டல் பள்ளி, சீர்மரபினர், பள்ளியும் சாதியும்.

முன்னுரை

அடம்பிடித்தல், எதிர்த்துப் பேசுதல், பொய் சொல்லுதல் ஆகியன குழந்தை வளர்ச்சியின் இயல்பான கூறுகள். இவை வயதுக்கு ஒவ்வாத அளவில் நீடித்து, பிறருக்கும் குழந்தைக்கும் தீங்கு விளைவிக்கும்போது உளமருத்துவம் அவற்றைக் கோளாறு எனக் கொள்கிறது. பெரியவர்களிடம் தொடர்ந்து சினமும் எதிர்ப்பும் காட்டுவது எதிர்த்து மீறும் கோளாறு எனப்படும். பிறரைத் தாக்குதல், உடைமைகளை அழித்தல், திருடுதல், ஏமாற்றுதல், விதிகளைக் கடுமையாக மீறுதல் ஆகியவை ஓராண்டுக் காலம் தொடர்ந்து காணப்படின் அது நடத்தைக் கோளாறு எனப்படும். இவ்விரண்டையும் உள்ளடக்கிய பொதுப்பெயரே சீர்குலைவு நடத்தைக் கோளாறு.

இக்கோளாறு தோன்றும் வாய்ப்பை மிகுவிப்பவை இடர்க்காரணிகள், குறைப்பவை காப்புக்காரணிகள். இச்சொற்கள் புதியன. எனினும், 'இந்தப் பிள்ளை ஏன் இப்படி ஆனான்?' என்னும் வினா பழையது. அதற்கு விடை சொல்லும் அதிகாரம் சாதி, காவல்துறை, நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை எனக் காலந்தோறும் கைமாறி வந்துள்ளது. அந்த விடைகள் ஒவ்வொன்றும் குழந்தைகளின் வாழ்வைத் தீர்மானித்துள்ளன என்பதால் அவற்றின் வரலாறு ஆய்வுக்குரியதாகிறது.

முன்னாய்வுகள்

குற்றப்பரம்பரை என்னும் கருத்தாக்கத்தைக் கள்ளர் சமூகத்தை முன்வைத்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இல் மறுபரிசீலனை செய்தார். சென்னை மாகாணத்தில் குறவர் சமூகம் எதிர்கொண்ட சட்ட ஒடுக்குமுறையை மீனா ராதாகிருஷ்ணாவின் நூல் (2001) விரிவாக விளக்குகிறது. காலனிய இந்தியாவின் சீர்திருத்தப் பள்ளிகளைக் குழந்தைப்பருவத்தின் வரலாறாகச் சதத்ரு சென் (2005) எழுதியுள்ளார். கம்பம் பள்ளத்தாக்கில் 'திருத்தம்' என்னும் கருத்து மக்களின் அறவுணர்வோடு எவ்வாறு கலந்தது என்பதை ஆனந்த் பாண்டியன் (2009) ஆராய்ந்துள்ளார். இவ்வாய்வுகள் சட்டத்தையும் சமூகத்தையும் மையப்படுத்தியவை. உளமருத்துவத்தின் இடர்க்காரணிக் கருத்தை இவ்வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். வரலாற்று விளக்க முறையும் ஒப்பீட்டு முறையும் இதில் பின்பற்றப்பட்டுள்ளன.

வட்டாரப் பின்னணி: காவலிலிருந்து குற்றத்திற்கு

சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசு விழாவாலும் அறியப்பெறும் சங்கரன்கோவில், பழைய ஆவணங்களில் சங்கரநயினார்கோயில் எனக் குறிக்கப்பெறுகிறது. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்த இவ்வூர், 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. கரிசலும் மானாவாரிப் பயிரும் கொண்ட இவ்வட்டாரத்தில் விசைத்தறியும் பூ விளைச்சலும் இன்று முக்கிய வாழ்வாதாரங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இது பாளையங்களின் நிலம். புலித்தேவரின் நெற்கட்டும்செவலும் சிவகிரிப் பாளையமும் இதன் அண்மையில் அமைந்தவை. பாளையக்காரர் ஆட்சியில் ஊர்களைக் காக்கும் பொறுப்பு காவல்காரர்களிடம் இருந்தது. அவர்கள் விளைச்சலில் ஒரு பங்கைக் காவல் கூலியாகப் பெற்றனர். களவு நேர்ந்தால் பொருளை மீட்டுத் தரவோ ஈடு செய்யவோ கடமைப்பட்டிருந்தனர். இழந்த கால்நடையைக் கண்டுபிடித்துத் தருவோர் பெற்ற தொகை துப்புக்கூலி எனப்பட்டது.

1799, 1801ஆம் ஆண்டுகளின் போர்களுக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர்களின் படையையும் காவல் உரிமையையும் பறித்தது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்க்காவலைக் கிராம அலுவலர்களின் பொறுப்பாக்கியது. காவல்காரர்கள் தம் தொழிலையும் வருவாயையும் சட்டப்படி இழந்தனர். ஆனால் நடைமுறையில் காவல் பல ஊர்களில் தொடர்ந்தது. அரசு ஏற்காத காவல், அரசின் பார்வையில் மிரட்டிப் பணம் பறிப்பதாக மாறியது. ஒரு தொழில் குற்றமாக மறுவரையறை செய்யப்பட்டதே இங்கு நிகழ்ந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும், எச்.ஆர்.பேட் 1917இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியிலும் இம்மறுவரையறை இனவரைவியல் செய்தியாகவே பதிவாகியுள்ளது. ஒரு சாதியின் இயல்பைப் பேசும்போது அச்சாதியின் குற்றப் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் பேசுவது அக்காலப் பதிவுமுறையாக இருந்தது.

முதல் பட்டியல்: பிறப்பு

குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வடஇந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்டது. 1911இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது, 1924இல் தொகுக்கப்பட்டது. தமிழ் மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என வழங்கினர். ஒரு பழங்குடியையோ குழுவையோ வகுப்பையோ முழுமையாகக் குற்றப்பரம்பரை என அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுக்கு இச்சட்டம் அளித்தது. தனி மனிதர் குற்றம் செய்தாரா என்னும் வினா இதில் எழவில்லை.

இச்சட்டம் குழந்தைகளைப் பற்றிச் சொல்வது கூர்ந்து நோக்கத்தக்கது. 1897ஆம் ஆண்டுத் திருத்தம், அறிவிக்கப்பட்ட சமூகங்களின் நான்கு முதல் பதினெட்டு வயது வரையிலான குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க வழிசெய்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் கீழ் வயது வரம்பை ஆறாக உயர்த்தித் தொழிற்பள்ளி, வேளாண்பள்ளி, சீர்திருத்தப்பள்ளி ஆகியவற்றை அமைக்க இடமளித்தது. குழந்தை எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தாலே போதும்.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகிறது. குற்றம் குருதியில் வருவதாயின் குழந்தையைப் பிரிப்பதால் பயனில்லை. பிரித்தால் திருந்தும் எனின் குற்றம் குருதியில் இல்லை. சட்டம் இவ்விரண்டையும் ஒருங்கே நம்பியது. அறிவிப்புக்குப் பிறப்பை அளவுகோலாகவும், திருத்தத்திற்குச் சூழலை வழியாகவும் கொண்டது. பின்னாளில் உளவியல் விவாதித்த மரபு, சூழல் என்னும் இருமை அரசின் நடைமுறையில் ஏற்கெனவே இவ்வாறு குழம்பிக் கிடந்தது.

தென்மாவட்டங்களில் இச்சட்டத்தின் கடுமை மதுரைப் பகுதிக் கள்ளர்களிடம் மிகுதியாக உணரப்பட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டம் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் ஏற்படுத்தியது. மறவர்களில் சில பிரிவினரும் குறவர்களும் இச்சட்டத்தின் பிடியில் இருந்தனர். திருநெல்வேலி மாவட்ட மறவர்கள் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இடம்பெறுவது அவ்வரலாற்றின் எச்சமாகும். உ.முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் நடத்திய போராட்டங்களைத் தொடர்ந்து 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது. இந்திய அளவில் 1952 ஆகஸ்ட் 31ஆம் நாள் முடிவுக்கு வந்தது.

இரண்டாம் பட்டியல்: வீடு

குற்றம் செய்த சிறாரைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கலாகாது என்னும் கருத்து வேறொரு சட்ட மரபில் வளர்ந்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயலைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை அறிவு முதிர்ச்சியை ஆராயச் சொன்னது. 1876ஆம் ஆண்டிலும் 1897ஆம் ஆண்டிலும் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டங்கள் இயற்றப்பட்டன. செங்கல்பட்டில் 1887இல் சீர்திருத்தப் பள்ளி அமைந்தது. 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை அங்கு வைக்கலாம்.

1920ஆம் ஆண்டுச் சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்திய மாகாணங்களில் இத்துறையில் இயற்றப்பட்ட முதல் சட்டம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் இதனைப் பின்தொடர்ந்தன. இச்சட்டத்தின் சிறப்பு, குற்றம் செய்யாத குழந்தையையும் அது தன் வரம்புக்குள் கொண்டுவந்ததாகும். பிச்சையெடுக்கும் குழந்தை, வீடோ நிலையான பாதுகாவலரோ இல்லாத குழந்தை, பெற்றோர் சிறையிலுள்ள ஆதரவற்ற குழந்தை, குற்றப் பழக்கமோ குடிப்பழக்கமோ உள்ள பெற்றோரிடம் வளரும் குழந்தை, திருடர்களோடு பழகும் குழந்தை ஆகியோரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தலாம் என்றது. 1908ஆம் ஆண்டு இங்கிலாந்துக் குழந்தைகள் சட்டத்தின் அடியொற்றி அமைந்த பட்டியல் இது.

உளவியல் நூல்கள் இடர்க்காரணி என்னும் சொல்லைக் கையாள்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வறுமை, பெற்றோரின் குடி, பெற்றோரின் குற்றப்பதிவு, தீய நட்பு, வீடின்மை ஆகியவை சட்டவிதியாகப் பட்டியலிடப்பட்டுவிட்டன என்பது இதனால் புலனாகிறது. பிறப்பின் இடத்தை வீடு பிடித்தது. இது ஒரு முன்னேற்றமே. ஆயினும் வீட்டை அவ்வாறு ஆக்கிய புறச்சூழல் இப்பட்டியலுள் வரவில்லை.

1920ஆம் ஆண்டு தமிழக வரலாற்றில் ஒரு குறுக்குவெட்டாக அமைகிறது. பெருங்காமநல்லூரில் கைரேகைச் சட்டத்திற்காகத் துப்பாக்கி வெடித்ததும், சென்னையில் குழந்தைகளைக் காக்கும் சட்டம் பிறந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. நகரத்துச் சிறுவனுக்கு வீடு காரணம். அறிவிக்கப்பட்ட சாதியின் சிறுவனுக்குப் பிறப்பு காரணம். ஒரே அரசு இரு வேறு காரணக் கோட்பாடுகளை இரு வேறு மக்கள்மீது செயற்படுத்தியது.

பதினாறு வயதைக் கடந்தோருக்கெனச் சென்னைப் பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம் 1926இல் வந்தது. பதினாறு முதல் இருபத்தொரு வயது வரையிலான இளைஞர்களை இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் பயிற்சிக்கு உட்படுத்த அது வழிசெய்தது. அவ்வாறு அனுப்புவதற்கு இளைஞரின் குற்றப் பழக்கத்தையோ தீயோருடன் அவர் கொண்ட தொடர்பையோ நீதிமன்றம் கருத்தில் கொண்டது. பாளையங்கோட்டைச் சிறை 1929 முதல் 1968 வரை பார்ஸ்டல் பள்ளியாக இயங்கியது. இதனால் திருநெல்வேலி மாவட்ட மக்களுக்கு இளைஞர் திருத்தம் என்பது தொலைவிலுள்ள செய்தியாக அன்றி மாவட்டத் தலைநகரத்தின் ஒரு கட்டடமாகவே இருந்தது.

மூன்றாம் பட்டியல்: காரணிகளின் கூட்டு

இக்காலத்தில் மேற்கு நாடுகளில் சிறார் குற்றம் உளவியலின் ஆய்வுப்பொருளாயிற்று. சிரில் பர்ட் 1925இல் வெளியிட்ட நூல், குற்றத்திற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பல காரணங்கள் ஒருங்கு சேர்வதே அதன் தோற்றுவாய் என வாதிட்டது. ஜான் பவுல்பி 1944இல் நாற்பத்து நான்கு இளந்திருடர்களைப் பற்றிய ஆய்வில் தாயைப் பிரிந்திருந்ததன் விளைவை முன்வைத்தார். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே திருத்தம் என்று நம்பிய சட்டங்களுக்கு இது நேர் எதிரான கண்டுபிடிப்பு. இந்தியாவில் 1936இல் பம்பாயில் தொடங்கிய டாட்டா சமூகப்பணிப் பள்ளி அடுத்த ஆண்டே குழந்தை வழிகாட்டி மையத்தைத் திறந்தது.

மைக்கேல் ரட்டர் 1960களில் வைட் தீவிலும் பின்னர் உள்லண்டனிலும் நடத்திய ஆய்வுகள் இத்துறையின் திருப்புமுனைகள். பெற்றோரிடையே கடும் பிணக்கு, தாழ்ந்த சமூகநிலை, நெரிசலான பெரிய குடும்பம், தந்தையின் குற்றப்பதிவு, தாயின் உளநோய், குழந்தை புறப்பராமரிப்பில் வளர்தல் ஆகிய ஆறு காரணிகளை அவர் கணக்கிட்டார். இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பின் இடர் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை; இரண்டு சேர்ந்தால் நான்கு மடங்காயிற்று; நான்கும் அதற்கு மேலும் சேர்ந்தால் பத்து மடங்காயிற்று. வறுமை மட்டுமே ஒரு குழந்தையைக் கெடுப்பதில்லை என்பதற்கு இது வலுவான சான்று.

காரணிகள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை ஜெரால்டு பேட்டர்சன் (1982) விளக்கினார். தாய் ஒன்றைச் செய்யச் சொல்கிறாள், குழந்தை கத்துகிறது, களைத்த தாய் விட்டுவிடுகிறாள். கத்தினால் காரியம் நடக்கும் எனக் குழந்தை கற்கிறது. மறுமுறை தாய் அடிக்கிறாள், குழந்தை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் எனத் தாய் கற்கிறாள். நாள்தோறும் நிகழும் இக்கற்றலில் இருவருமே ஒருவரையொருவர் கடுமைக்குப் பழக்குகின்றனர். விசைத்தறியிலோ தீப்பெட்டி வேலையிலோ பகல் முழுதும் உழைத்து வரும் பெற்றோரிடம் பொறுமைக்கான வலிமை குறைந்திருப்பது இயல்பு. வறுமை இங்கு ஒழுக்கக்கேடாக அன்றிக் களைப்பாகக் குழந்தையை வந்தடைகிறது.

டெரி மாஃபிட் 1993இல் இருவகைப் போக்குகளைப் பிரித்துக் காட்டினார். சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுதும் நீடிப்பது ஒன்று. வளரிளம் பருவத்தில் தோன்றி அப்பருவத்தோடு அடங்குவது மற்றொன்று. முன்னது சிலரிடமும் பின்னது பலரிடமும் காணப்படுவது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்தோரைத் தொடர்ந்து ஆராய்ந்த குழு, ஒரு மரபணு வேறுபாடு தனித்து வன்முறையை விளைவிப்பதில்லை; குழந்தைப்பருவக் கொடுமையோடு சேரும்போதே அதன் விளைவு வெளிப்படுகிறது என 2002இல் அறிவித்தது. குருதியைத் தேடிச் சென்ற ஆய்வும் சூழலிடமே வந்து சேர்ந்தது எனலாம்.

இந்தியச் சூழலில் 2005இல் வெளியான பெங்களூரு ஆய்வு பதினாறு வயதுக்குட்பட்டோரில் 12.5 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஓர் உளநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானோரில் இதனை 7.3 விழுக்காடு என மதிப்பிட்டது. சீர்குலைவு நடத்தைக் கோளாறு இவற்றின் ஒரு பகுதியே.

சட்டமே இடர்க்காரணி ஆதல்

மூன்று பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. தந்தையின் குற்றப்பதிவு என்பது ரட்டரின் ஆறு காரணிகளுள் ஒன்று. குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் வாழ்ந்த தந்தை எவ்வாறு குற்றப்பதிவு பெற்றார்? குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் ஆஜராகாமை குற்றம். அனுமதியின்றி ஊர் விட்டு ஊர் செல்வது குற்றம். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். மதுரைப் பகுதியில் ஆடவர்கள் இரவுகளைக் காவல் நிலையத்தில் கழிக்க நேர்ந்தது. களவு எதுவும் செய்யாதவரும் இவ்விதிகளை மீறியதற்காகச் சிறை சென்றனர்.

அத்தகைய வீட்டில் வளரும் குழந்தையின் நிலையை இன்றைய இடர்க்காரணிப் பட்டியலோடு பொருத்திக் காணலாம். தந்தை இரவில் வீட்டில் இல்லை. தொலைவில் கிடைக்கும் வேலைக்குச் செல்ல இயலாமையால் வருவாய் குறைகிறது. தந்தை அதிகாரியின் முன் குனிந்து நிற்பதைக் குழந்தை காண்கிறது. பள்ளியிலும் ஊரிலும் அதன் பெயருக்கு முன் சாதியின் அவப்பெயர் நிற்கிறது. வறுமை, தந்தையின்மை, குற்றப்பதிவு, இழிவு ஆகிய நான்கும் ஒரே சட்டத்தின் விளைவுகளாக ஒரே வீட்டில் வந்து குவிகின்றன. பின்னர் அக்குழந்தை தவறு செய்யின், சாதியின் இயல்பு மெய்ப்பிக்கப்பட்டதாகப் பதிவேடு கூறும். எதனைத் தடுப்பதற்கென்று சட்டம் வந்ததோ அதனை விளைவிக்கும் நிலைமைகளை அச்சட்டமே உண்டாக்கியது.

இடர்க்குறி வேறு, இடர்க்காரணி வேறு என்னும் வேறுபாடு இங்கு இன்றியமையாதது. ஒரு குழுவில் ஒரு நடத்தை மிகுந்து பதிவாகிறது எனின், அக்குழுவைச் சேர்ந்திருத்தல் அந்நடத்தைக்குக் காரணமாகிவிடாது. அக்குழு கூடுதலாகக் கண்காணிக்கப்பட்டிருக்கலாம். கண்காணிப்பு மிகுந்த இடத்தில் பதிவும் மிகும். அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் 1994ஆம் ஆண்டுக் கையேடும் இதனை ஒருவாறு ஏற்கிறது. உடனடிச் சமூகச் சூழலுக்கு எதிர்வினையாக மட்டும் எழும் நடத்தையை நடத்தைக் கோளாறு எனக் கொள்ளலாகாது என அது எச்சரிக்கிறது.

மேலும், இடர்க்காரணி என்பது ஒரு தொகுதியைப் பற்றிய கூற்று. ஒரு குழந்தையைப் பற்றிய தீர்ப்பு அன்று. லீ ராபின்ஸ் 1966இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வும் அவருடைய பின்னைய ஆய்வுகளும் இதனைத் தெளிவாக்கின. சமூக விரோத நடத்தையுள்ள பெரியவர்களில் ஏறத்தாழ அனைவரும் சிறுவயதிலும் அவ்வாறே இருந்தனர். ஆனால் அவ்வாறிருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் அத்தகைய பெரியவர்களாகவில்லை. பின்னோக்கிப் பார்ப்பவருக்கு ஊழாகத் தோன்றுவது முன்னோக்கிப் பார்ப்பவருக்கு ஒரு வாய்ப்பு மட்டுமே.

இன்றைய பள்ளி: பழைய பட்டியலின் நிழல்

சட்டம் நீங்கியபின் முத்திரையும் நீங்கிற்றா என்பது அடுத்த வினா. 1948ஆம் ஆண்டின் சென்னை வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் சாதியை விடுத்துத் தனி மனிதரை அளவாகக் கொண்டது. 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே முறையை வகுத்தது; 2000ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயது வரை அனைவரையும் சிறாராகக் கொண்டது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் இழிவுபடுத்தும் சொற்களைத் தவிர்ப்பதை ஒரு நெறியாகவே அறிவித்தது. 'குற்றவாளிச் சிறுவன்' என்பது 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' ஆயிற்று. சட்டமொழியில் நிகழ்ந்த இம்மாற்றம் சிறிதன்று.

ஆயினும் தென்மாவட்டப் பள்ளிகளில் சாதி வேறு வடிவில் தொடர்கிறது. மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவது குறித்துப் பள்ளிக் கல்வித்துறை 2019இல் சுற்றறிக்கை விடுத்தது. எதிர்ப்புகள் எழுந்தமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினப் பள்ளிக் குழந்தைகளிடம் ஊர்க்கட்டுப்பாட்டைக் காரணங்காட்டிக் கடைக்காரர் விற்க மறுத்த காணொளி பரவியது. கடை முத்திரையிடப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று, குற்றஞ்சாட்டப்பட்டோர் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களால் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். இதனைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்களைத் தடை செய்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்குதல் ஆகியன அதன் பரிந்துரைகளுள் சில. 'கள்ளர் சீரமைப்பு' என்னும் பெயரும் நீக்கத்தக்கவற்றுள் அடங்கும். 1920இல் தொடங்கிய ஒரு சொல் நூறாண்டு கடந்தும் பள்ளிச் சுவரில் நின்றது.

இந்நிகழ்வுகளை இடர்க்காரணி நோக்கில் காணும்போது இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, உளவியல் நூல்கள் கூறும் 'தீய நட்புக்குழு' இவ்வட்டாரத்தில் சாதிக் குழுவின் வடிவில் அமைகிறது. தாக்கும் சிறுவனின் வன்முறை அவனுடைய குழுவில் மீறலாகக் கருதப்படுவதில்லை, பெருமையாகப் போற்றப்படுகிறது. குடும்பத்திலும் ஊரிலும் ஒப்புதல் பெற்ற வன்முறையைத் தனி ஒருவனின் கோளாறாக மட்டும் பார்ப்பது பிழை. அதேவேளை, அச்சிறுவனையும் அவனுடைய சாதியின் இயல்பால் விளக்க முயல்வது கைரேகைச் சட்டத்தின் தர்க்கத்திற்கே திரும்புவதாகும்.

இரண்டாவது, இழிவுபடுத்தப்படுதல் தன்னளவில் ஓர் இடர்க்காரணி. கடையில் மிட்டாய் மறுக்கப்பட்ட குழந்தை பள்ளிக்கு வந்து சினந்து நடந்துகொண்டால், ஆசிரியரின் பதிவேட்டில் அது அடங்காமை என்றே எழுதப்படும். காரணம் கடைவாசலிலும் பதிவு வகுப்பறையிலும் இருப்பதால் இரண்டும் இணைத்துப் பார்க்கப்படுவதில்லை. ரட்டரின் ஆறு காரணிகளுள் இழிவு இல்லை. அப்பட்டியலைத் தமிழ்ச் சூழலில் கையாளும் ஆய்வாளர் அதனை ஏழாவதாகச் சேர்க்க வேண்டியுள்ளது.

காப்புக்காரணிகளின் வரலாறும் இம்மண்ணில் உண்டு. 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் பசித்த குழந்தையைப் பள்ளியில் நிறுத்தியது. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் பழக்கத்தை அரசுப் பள்ளி உருவாக்கியது. பள்ளியோடு கொண்ட பிணைப்பும், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரேனும் அருகிலிருத்தலும் நடத்தைக் கோளாற்றைத் தடுக்கும் வலிய காரணிகள் எனப் பன்னாட்டு ஆய்வுகள் கூறுவதோடு இதனை ஒப்பிடலாம். பிரித்து வைத்த சீர்திருத்தக் குடியிருப்பு செய்ய இயலாததைச் சேர்த்து வைத்த பள்ளி செய்தது.

முடிவுரை

சிறார் நடத்தைக்கான காரணம் பிறப்பிலிருந்து வீட்டிற்கும், வீட்டிலிருந்து காரணிகளின் கூட்டிற்கும் நகர்ந்தமை அறிவின் வளர்ச்சியே ஆகும். எனினும் இந்நகர்வு நேர்கோட்டில் நிகழவில்லை. 1920இல் பிறப்புக் கோட்பாடும் வீட்டுக் கோட்பாடும் ஒரே மாகாணத்தில் உடன் நிலவின. இன்றும் வகுப்பறையில் மூன்று பட்டியல்களும் உடன் நிலவுகின்றன. ஒரு மாணவன் தவறு செய்தவுடன் அவனுடைய ஊரையும் தெருவையும் கேட்கும் பழக்கம் முதல் பட்டியலின் எச்சமாகும்.

குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வரலாறு இடர்க்காரணி ஆய்வுக்கு மூன்று நெறிகளைத் தருகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு காரணியும் எவ்வாறு உருவாயிற்று என்று வினவ வேண்டும். கண்காணிப்பின் விளைவைக் குழந்தையின் இயல்பாகக் கொள்ளலாகாது. தொகுதிக்கு உரிய கூற்றைத் தனிக் குழந்தைமீது தீர்ப்பாக எழுதலாகாது. பள்ளி ஆலோசகரும் நன்னடத்தை அலுவலரும் நிரப்பும் படிவங்களில் தந்தையின் குற்றப்பதிவு, குடும்ப வருவாய், நட்பு ஆகியவற்றோடு, அக்குழந்தைக்கு யார் எதனை மறுத்தனர் என்னும் வினாவும் இடம்பெற வேண்டும். சங்கரன்கோவில் வட்டாரத்தின் வரலாறு அவ்வினாவைத் தவிர்க்க இயலாததாக்குகிறது.